ஒரே ஒரு புக் சொல்லுங்க மாமா

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், சாம்பார் வாளி எங்களிடம் வருவதற்குள் கேட்டுவிட்டான்: "மாமா, பேட்மேன் காமிக்ஸ் படிக்கலாம்னு இருக்கேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

இந்தக் கேள்வியை யாராவது நம்மிடம் கேட்கமாட்டார்களா என்று எத்தனை காலம் ஏங்கிக் கிடக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இடது கையால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எந்த பேட்மேன்?" என்றேன்.

"பேட்மேன்தான் மாமா."

"அது சரிடா. 1985க்கு முந்தின பேட்மேனா, பிந்தினவரா? 2011க்கு முந்தியா, பிந்தியா?"

ரசம் வந்தபோது நான் 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' கதையில் ஒவ்வோர் உலகமாக அழித்துக்கொண்டிருந்தேன். பாயசம் வந்தபோது திரும்பிப் பார்த்தால் பையன் இலையை மூடிவிட்டுப் போயிருந்தான். எனக்கு வலப்பக்கம் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்தான் அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அப்புறம் அந்த உலகமெல்லாம் என்ன ஆச்சு சார்?" என்றார். நல்ல மனுஷன்.

அன்று ராத்திரி வாட்ஸப்பில் செய்தி வந்தது. "மாமா, லிஸ்ட் வேணாம். ஒரே ஒரு புக் சொல்லுங்க, போதும்."

ஒரே ஒரு! எண்பது வருஷத்துக்கு மேலாக வாராவாரம், மாதாமாதம் வந்துகொண்டிருக்கிற ஒரு சமாச்சாரத்தில் இவருக்கு ஒரே ஒரு புத்தகம் போதுமாம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் மாமன் முறை என்று ஒன்று இருக்கிறதே. இந்தக் கட்டுரை முடிவதற்குள் அந்த ஒரு புத்தகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் வழியில் கிடக்கிற சில முட்களை மட்டும் எடுத்துப் போட்டுவிடலாம்.

ஆதியிலிருந்தே தொடங்கினால் என்ன? வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் இந்தக் கட்சி. 1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழிலிருந்து வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பார். அந்த முதல் கதை ஆறே பக்கம். அதில் ராபின் இல்லை, ஆல்ஃபிரட் இல்லை, ஜோக்கர் இல்லை. கெட்டவனை ஒரு குத்து விட்டு அமிலத் தொட்டியில் தள்ளிவிட்டு, அவனுக்கு இதுதான் சரியான முடிவு என்று நம்ம ஆள் நடையைக் கட்டுகிறார். 'பேட்மேன் யாரையும் கொல்லமாட்டார்' என்று சினிமா பார்த்து நம்பி வருகிற பையனிடம் இதைக் காட்டினால் என்ன ஆகும்? வரிசைக் கட்சி நண்பரே இப்போது 1957இல் சிக்கிக்கொண்டிருக்கிறார். அந்த வருஷம் பேட்மேன் வானவில் நிறத்துக்கு ஒன்றாகத் தினம் ஓர் உடை போட்டுக்கொண்டு திரிந்தார். நண்பர் முகத்தில் அந்த வேதனை அப்படியே தெரிகிறது. ஆனால் தாண்டிப் போகமாட்டார். வரிசை என்றால் வரிசை.

சரி, 'நம்பர் 1' என்று அட்டையில் போட்டிருப்பதை எடுக்கலாமே என்பீர்கள். எந்த நம்பர் 1? 'பேட்மேன்' முதல் இதழ் 1940இல் வந்தது. 2011இல் ஒரு முதல் இதழ் வந்தது. 2016இல் ஒன்று. 2025இல் இன்னொன்று. டிடெக்டிவ் காமிக்ஸின் கணக்கு இதைவிட விசேஷம். 881ஆம் இதழுக்கு அடுத்த இதழ் 1. அந்தக் கணக்கில் 52 வரை போய், 52க்கு அடுத்தது 934. எந்தக் கணக்குப்பிள்ளை இப்படி எழுதினாலும் மறுநாள் வேலையில் இருக்கமாட்டார். இவர்களோ 2019இல் ஆயிரமாவது இதழுக்கு விழா எடுத்தார்கள். முதல் இதழ் என்று போட்டால் விற்கும், அவ்வளவுதான் ரகசியம். 1991இல் எக்ஸ்-மென் முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளோடு விட்டு, 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் தள்ளினார்கள். பலர் ஐந்து அட்டையையும் வாங்கிப் பிரிக்காமலே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். புதிதாக வருகிறவனுக்காகத்தான் முதல் இதழாம். அவனை ஏமாற்ற என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஆகவே நாம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பதில் 'பேட்மேன்: இயர் ஒன்'. ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மஸுக்கெல்லி வரைந்து 1987இல் வந்தது. நாலே இதழ். அதில் உண்மையான கதாநாயகன் போலீஸ்காரர் கார்டன்தான், பேட்மேன் இல்லை என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் நம் மேதாவித்தனமும் வெளிப்படும். நானும் அதைத்தான் அனுப்ப இருந்தேன். விரல் 'அனுப்பு' பொத்தானுக்குப் போன நேரத்தில் அடுத்த செய்தி வந்தது.

"ராபின் வர்ற புக்கா சொல்லுங்க மாமா. ராபின்னா யாரு, அதுல ஆரம்பிங்க."

தட்டச்சு செய்து கட்டாது என்று மைக்கை அழுத்தினேன்.

ராபின் என்றால் டிக் கிரேசன். சர்க்கஸ் பையன். 1940இல் வந்தான். அப்பாவும் அம்மாவும் அந்தர ஊஞ்சலிலிருந்து விழுந்து செத்தார்கள். பேட்மேன் எடுத்து வளர்த்தார். இதுவரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த உடையில் காலம் தள்ளியவன் 1984இல் ஒருவழியாக வளர்ந்து, நைட்விங் என்று பெயரை மாற்றிக்கொண்டான். காலியான இடத்துக்கு வந்தவன் ஜேசன் டாட். இவனும் சர்க்கஸ் பையன். இவன் அப்பா அம்மாவும் அந்தர ஊஞ்சல்காரர்கள். அவர்களும் கொலையானார்கள். மெகா சீரியலில் கதாநாயகி ஒருநாள் வேறு முகத்தோடு சமையலறையிலிருந்து வெளியே வர, கீழே 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடுமே, அதே துணிச்சல். இவனுக்குச் செம்பட்டை முடி. அதற்கும் கறுப்புச் சாயம் அடித்துவிட்டார்கள்.

பிறகு பந்தியில் நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த க்ரைசிஸ் வந்தது. உலகங்களோடு சேர்ந்து ஜேசனின் சர்க்கஸும் அழிந்தது. 1987இல் பார்த்தால் அதே ஜேசன் தெருப்பொறுக்கிப் பையன். சர்க்கஸா? எந்த சர்க்கஸ்? பேட்மேன் காரை நிறுத்திவிட்டு வந்து பார்க்கிறார், ஒரு வாண்டு டயரைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. பேட்மொபைல் டயரை! உலகத்திலேயே பெரிய துப்பறிவாளர், காருக்குள் என்னென்னவோ கருவிகளை அடுக்கியவர், திருட்டுப்போகாமல் டயரைக் காக்க ஒரு வழி செய்யவில்லை. பிடித்த பையனைப் போலீஸில் கொடுக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வாசகர்களுக்கு இவனைப் பிடிக்கவில்லை. 1988இல் ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடித்துப்போட்டு, குண்டும் வைத்துவிட்டுப் போனான். பையன் பிழைப்பதா, சாவதா? வாசகர்களே போன் போட்டுச் சொல்லட்டும் என்று இரண்டு எண்களைக் கொடுத்தார்கள். அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவை 5,343 வாக்குகள். பிழைக்கட்டும் என்றவை 5,271. வித்தியாசம் 72. நம் ஊரில் என்றால் மறு எண்ணிக்கை கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். அங்கே அடக்கம் செய்துவிட்டார்கள். கொன்ற ஜோக்கர் என்ன ஆனான் என்று கேள். ஈரானின் ஐ.நா. தூதர் ஆனான். சத்தியமாக, அதே கதையில். இன்னொரு விசேஷம்: ஜேசன் செத்துப்போனதைப் பற்றி மில்லரின் 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' கதையில் 1986லேயே பேசிக்கொள்கிறார்கள். அதில் ராபினாக வருவது கேரி கெல்லி என்று ஒரு பெண்பிள்ளை. ஆனால் அது கணக்கில் சேராது. ஏன் சேராது என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

"இந்நேரத்துல யார்கிட்ட இந்தக் கொலைக் கதை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மொட்டைமாடிக்குப் போய்த் தொடர்ந்தேன்.

1989இல் டிம் டிரேக் வந்தான். இவனை யாரும் தேடிப் போகவில்லை; தானே வந்து சேர்ந்தான். சின்ன வயதில் சர்க்கஸில் டிக் கிரேசன் அந்தரத்தில் நாலு குட்டிக்கரணம் போட்டதைப் பார்த்திருக்கிறான். பிறகு டி.வி.யில் ராபின் அதே நாலு குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்து, இவன்தான் அவன், அப்படியென்றால் புரூஸ் வேய்ன்தான் அவர் என்று கண்டுபிடித்துவிட்டான். காத்தம் நகரப் போலீஸ் அத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. 2004இல் கொஞ்ச நாள் ஸ்டெஃபனி பிரவுன் ராபின். வேலையை விட்டு நீக்கினார்கள், செத்தாள், 2008இல் 'சாகவில்லை' என்றார்கள். 2006இல் டேமியன், பேட்மேனுக்கே பிறந்த மகன். இவன் தாத்தா ராஸ் அல் கூல் பல நூற்றாண்டாகச் சாகாமல் இருக்கிற வில்லன். பேரன் 2013இல் செத்தான். பிறகு எழுந்தான். நடுவில் பேட்மேனே இறந்துபோனதாகச் சொல்லி, 2009இல் முதல் ராபின் டிக் பேட்மேன் ஆகி, டேமியன் அவனுக்கு ராபின் ஆனான். அதாவது அப்பா வளர்த்த பையன் அப்பா, அப்பா பெற்ற பையன் பையன்.

ஜேசன்? 2005இல் ரெட் ஹூட் என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டான். எப்படி வந்தான் என்று மறுவருஷம் விளக்கினார்கள். வேறோர் உலகத்து சூப்பர்பாய், கோபத்தில் யதார்த்தத்தின் சுவரில் ஓங்கிக் குத்தினான். அந்த அதிர்வில் சவப்பெட்டிக்குள் இவனுக்கு உயிர் வந்துவிட்டது. இதை நான் இட்டுக்கட்டவில்லை. அச்சில் இருக்கிறது. 72 வாக்கில் செத்தவன் ஒரு குத்தில் பிழைத்தான். ஐம்பது சென்ட் கொடுத்து வோட்டுப் போட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

2011இல் மறுபடி எல்லாவற்றையும் புதுக்கணக்கு ஆரம்பித்தபோது, சூப்பர் ஹீரோக்கள் உலகத்துக்குத் தெரியவந்தே ஐந்து வருஷம்தான் என்றார்கள். அந்தக் கணக்கிலும் டிக், ஜேசன், டிம், டேமியன் நால்வரும் உண்டு. டேமியனுக்கு வயது பத்து. கூட்டிக் கழித்துப் பார்க்க நான் முயன்றதில்லை. நீங்கள் முயன்றிருப்பீர்கள். நம் ஆட்கள் அப்படித்தான்.

வாய்ஸ் மெசேஜ் போய்ச் சேர்ந்தது. இரண்டு நீலக்கோடு. அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டானாம். அதிலும் பாதிதான். "மாமா, இதுக்கு விளக்க வீடியோ ஏதாவது இருக்கா?" என்று பதில் போட்டான்.

மற்ற ஹீரோக்கள் இந்த அளவுக்கு மோசமில்லை. சூப்பர்மேனுக்கு மாரிசனும் குவைட்லியும் செய்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' இருக்கிறது. அவர் பிறந்து வளர்ந்த கதை மொத்தத்தையும் முதல் பக்கத்தில் நாலு கட்டம், எட்டு வார்த்தையில் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறது. இதைப் படித்தபிறகு மற்றவர்கள் ஏன் நாற்பது பக்கம் இழுக்கிறார்கள் என்று ஆத்திரம்தான் வருகிறது. ஸ்பைடர்மேனுக்கு 1962, 63இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் தொடங்கிய இடத்திலேயே தொடங்கலாம், இன்றைக்கும் இனிக்கும். 2007க்கு மட்டும் போகாதீர்கள். அங்கே அவன் மே அத்தையின் உயிரைக் காப்பாற்ற, தன் கல்யாணத்தைப் பிசாசிடம் விற்றுவிடுவான். அத்தைக்காகப் பெண்டாட்டியை விட்ட கதையை நம் வீட்டில் யார் கையிலும் கொடுக்க முடியாது.

எனக்கு இதில் என்ன கோபம் என்றால், நாமெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தோம் என்று யாராவது கேட்டார்களா? பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட கட்டுக்குள்ளிருந்து உருவியதுதான் நம் முதல் இதழ். சிவகாசியில் அச்சான 'ஸ்பைடர்' கதை. அட்டை கிடையாது. துருப்பிடித்த பின்னில் நடுப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். பெல்ஹாம், ஆர்டினி எல்லாம் யார், குற்றச் சக்கரவர்த்தி எப்போது நல்லவன் ஆனான், ஒன்றும் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் பால்பாயிண்ட் பேனாவால் எல்லோருக்கும் மீசை வேறு வரைந்திருப்பான். கடைசிப் பக்கம் இருக்காது. அந்த முடிவை நாமே நாலு விதமாகச் செய்துகொண்டோம். யாரிடமும் போய் 'படிக்கும் வரிசை' கேட்கவில்லை. அந்த பிரிட்டிஷ் ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியது ஜெர்ரி சீகல், 1938இல் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர், என்பதே எனக்குத் தலை நரைத்தபிறகுதான் தெரியும். தெரியாமல் படித்தபோது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இதையே அவனிடம் சொல்லியிருக்கலாம்: எதையாவது எடு, நடுவிலிருந்து படி, புரியாவிட்டால் போகிறது. பத்து வார்த்தை தேறாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? இத்தனை வருஷம் நைட்விங்கையும் ரெட் ஹூடையும் மனப்பாடம் செய்தது வீணா?

நேற்று அக்கா போன் செய்தாள். பையன் புத்தகம் வாங்கிவிட்டானாம், 'ஒன் பீஸ்'. ஜப்பான்காரர் புத்தகம். ஏன்டா என்று போனை அவனிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். "அதுல முதுகுல 1, 2, 3னு நம்பர் போட்டிருக்கு மாமா. 1லேர்ந்து படிச்சாப் போதும்" என்றான். 1997இல் தொடங்கி, நூறு தொகுதியைத் தாண்டியும் முடியாத கதை அது. பட்டியல் வேண்டாம் என்றவன் அதற்குத் தயாராம். இதற்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

சொல்வதாக ஒப்புக்கொண்ட அந்த ஒரு புத்தகத்துக்கு வருகிறேன். இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ராபின் குழப்பம் இல்லை, முன்கதை தேவையில்லை, ஒரே மூச்சில் முடிக்கலாம். ஆண்டு சரிபார்க்க அலமாரியில் தேடினால் அது இருந்த இடம் காலி. யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறீர்கள். பெயரை இங்கே எழுதினால் இன்னும் நாலு பேர் கேட்பீர்கள், அதனால் எழுதுவதாக இல்லை. எடுத்துப்போனவருக்கு நீங்கள்தான் அவர் என்று தெரியும். நேரில் தரக் கூச்சமாக இருந்தால் தபாலில் அனுப்புங்கள், செலவு என்னுடையது. அட்டையை மட்டும் மடக்கிவிடாதீர்கள்.