கையெழுத்துக்கு என்ன அவசரம்?

கேள்வி: பூஞ்சேரி கூட்டுரோட்டில் கார் மோதி வலது மணிக்கட்டு முறிந்தது. கல் சிற்பத் தொழில், வயது 38. செங்கல்பட்டில் இழப்பீட்டு வழக்கு நடக்கிறது. 'மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம்' என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. போகலாமா?
– ஒரு சிற்பி, மாமல்லபுரம்

பதில்: போங்கள், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் ஊர் அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை தவம் செய்கிறதே, காலடியில் எலிகளோடு? சமரசம் பேச வருகிறவர் முகத்திலும் அதே சாந்தம் இருக்கும்.

டாக்டர் சான்றிதழில் 20 சதவீத ஊனம் என்றிருக்கலாம். அது எலும்பின் கணக்கு; உளியின் கணக்கு வேறு. கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகலாம், அரசு குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே ராஜ்குமார் வழக்கில் (2011) பிரித்துக் காட்டியிருக்கிறது.

ஒரு வருட வருமான இழப்பைப் பெருக்கும் எண் உங்கள் வயதுக்கு 15. மாத வருமானம் 20,000 என்று வையுங்கள். 20 சதவீதம் என்றால் 7,20,000 ரூபாய்; பாதித் தொழில் போயிற்று என்று நிரூபித்தால் 18 லட்சம். வைத்தியச் செலவும் வலிக்கான தொகையும் தனி.

கூட்டுரோடு என்பதால் 'உங்கள் மேலும் தப்பு' என்று கழிக்கப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆரையும் போலீஸ் வரைபடத்தையும் வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. கல்லில் ஒரு தடவை உளி இறங்கினால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?