ஆய்வாளர்முகன் படைத்த உலகம்

ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது நெறியாளர் சொன்னார்: "ஆய்வேட்டுல 'நான்' வரக் கூடாது. 'ஆய்வாளர்'னு மாத்திடுங்க."

நம் ஆய்வாளர் மதுரைக்காரர், அடக்கமானவர். (இந்தக் கட்டுரையை எழுதுபவர் அவரைத் தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறார்.) முந்நூறு பக்கத்தைப் புரட்டும் பொறுமை மட்டும் அவருக்கு இல்லை. தேடி மாற்றும் கட்டத்தைத் திறந்து, 'நான்' போகட்டும், 'ஆய்வாளர்' வரட்டும் என்று தட்டினார். மொத்தமாக. டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது நான்மணிக்கடிகை, ஆய்வாளர்மணிக்கடிகை ஆகியிருந்தது. மதுரை, நான்மாடக்கூடல் என்ற பழம்பெயரை இழந்து ஆய்வாளர்மாடக்கூடல் ஆகியிருந்தது. நான்காம் இயல், ஆய்வாளர்காம் இயல். படைப்புக் கடவுளின் பெயர் ஆய்வாளர்முகன். போதாக்குறைக்கு, வினைமுற்றுகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்ததால், பக்கத்துக்குப் பக்கம் 'ஆய்வாளர் கருதுகிறேன்'. புறநானூறும் அகநானூறும் மட்டும் தப்பின. அவற்றில் வருவது 'ன்' இல்லை, 'னூ'. புள்ளி இல்லாததால் உயிர் பிழைத்த எட்டுத்தொகை நூல்கள்!

1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்தில் இந்த வசதி கிடையாது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடம் வலம் மாறியபடி கோக்க வேண்டும்; ஒரு பிழையைத் திருத்த ஓர் எழுத்தைப் பிடுங்கி இன்னோர் எழுத்தைச் செருக வேண்டும். ஒரே தட்டில் முந்நூறு பிழைகளை உண்டாக்க எந்த அச்சுக்கோப்பாளராலும் முடிந்திருக்காது. அந்தப் பெருமை கணினிக்கே உரியது.

ஒரு நன்மையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. ஆய்வாளர்மணிக்கடிகை பற்றி உலகில் வேறு யாரும் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை.

கடைசியில் அச்செடுத்த தாள்கட்டு அக்காவிடம் போனது. அக்கா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சிவப்பு மைப் பேனாவுக்கு ஓய்வு கொடுக்காதவர். முதல் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"பாண்டியன் புலவருக்கு வேலைக் கொடுத்தான்னு போட்டிருக்க. புலவர் வேலை வாங்கி யாரைடா குத்தப் போறார்?"

"வேலைதான் அக்கா. உத்தியோகம்."

"அப்ப 'க்' எதுக்கு?"

சந்தி விட்டுப்போகிறது என்று நெறியாளர் ஒருமுறை கடிந்துகொண்டதிலிருந்து, சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒற்றைத் தூவிவிடுவது ஆய்வாளரின் வழக்கம். 'என்றுக் கூறினார்' என்பது மட்டும் நாற்பத்தோர் இடத்தில் இருந்தது. அக்கா எண்ணி ஓரத்தில் குறித்திருந்தார்.

அடுத்தது கீழக்குயில்குடிச் சமணர் மலை. அங்கே பழங்காலத்தில் சமணப் பல்லி இருந்ததாக ஆய்வேடு அடித்துச் சொன்னது. பல்லி அகராதியில் உள்ள உயிர்தானே. கணினியின் சொற்பிழை திருத்தி வாயைத் திறக்கவில்லை.

"இப்பவும் இருக்கும்டா, பாறை இடுக்குல. ஆனா அது என்ன சமயம்னு யார் கேட்டா?"

ராத்திரி இரண்டு மணிக்குத் திருத்தம் முடிந்தது. நன்றியுரை மட்டும் பாக்கி. அக்கா தூங்கப் போனபின் ஆய்வாளர் மனம் நெகிழ்ந்து எழுதினார். காலையில் பைண்டிங் கடைக்கு ஓடினார். தங்க எழுத்து பொறித்த ஐந்து பிரதிகள் மறுநாள் கைக்கு வந்தன. முதல் பிரதியை அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா நேராக நன்றியுரைக்குப் போனார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். 'இரவு பகல் பாராது மேய்ப்புப் பார்த்த என் தமக்கைக்கு' என்றிருந்தது. மெய்ப்புக்குக் கால் முளைக்கவில்லை, கொம்புதான் சுழித்துக்கொண்டது.

ஆய்வாளர் தலையில் கை வைத்தார்.

"விடுடா," என்றார் அக்கா. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதைத்தானே பண்ணேன்."