நூக்கில் டெபாசிட் இழந்தவன்

கிரீன்லாந்தில் எனக்கு ஓட்டு கிடையாது. அந்தத் திசையில் தலைவைத்துப் படுத்ததுகூடக் கிடையாது. வடக்கு என்பதால் அம்மா விடமாட்டார். ஆனாலும் 2025 மார்ச் 11 அன்று அந்தத் தீவில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஆறு கட்சிகள் நின்றன, அந்த ஆறையும்விடக் கேவலமாகத் தோற்றவன் நான்.

எங்கள் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு என்பது ஒரு மேஜை, ஆடுகிற நாற்காலி ஒன்று, அதில் விழாமல் உட்காரப் பழகிய நான். 2024 டிசம்பரில் டிரம்ப், கிரீன்லாந்து எங்களுக்கு வேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தார். ஜனவரி 7-ம் தேதி அவருடைய மகன் தலைநகர் நூக்கில் வந்து இறங்கி, சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு கேன்டீனில், "அது டென்மார்க்குக்கு உட்பட்டதுதான், ஆனா 1979-லேருந்து தனி மன்றம் இருக்கு, 2009-ல தன்னாட்சி இன்னும் விரிஞ்சுது" என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். பத்து நிமிடம் முன்பு விக்கிபீடியாவில் பார்த்தது. நியூஸ் எடிட்டர் காதில் விழுந்துவிட்டது. "நம்ம ஆபீஸ்லயே விஷயம் தெரிஞ்ச ஆள் இருக்காரே!" என்றார். இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். அடக்கமானவர்கள் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு சிரித்தேன்.

பிப்ரவரியில் பிரதமர் மூட்டே எகெடே தேர்தல் தேதியை அறிவித்ததும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. ‘31 தொகுதிகளுக்கு ஒரே கட்டமாகத் தேர்தல்’ என்று ஒரு பாக்ஸ் அடித்துக் கொடுத்தேன். கூடவே ஒரு மேப் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று, 31 தொகுதிக்கும் எல்லை போட்டு, கலர் கொடுக்கும்படி லேஅவுட் தம்பியிடம் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து வந்தான்.

"சார், எல்லைக்கோடு எங்கயுமே கிடைக்கல. ஐஸ்தான் இருக்கு."

"ஒழுங்கா தேடுப்பா" என்று அதட்டினேன்.

ஒழுங்காகத் தேடியிருக்க வேண்டியவன் நான். அங்கே உறுப்பினர்கள்தான் 31 பேர். தொகுதி ஒன்றே ஒன்று. 21 லட்சம் சதுர கிலோமீட்டரும் சேர்ந்து ஒரே தொகுதி. கட்சி வாங்குகிற ஓட்டு விகிதத்துக்குத் தக்கபடி இடம் கிடைக்கும். வாக்காளர்கள் சுமார் 40,500 பேர், சாவடிகள் 72. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே கிடையாது. படகு, விமானம், ஹெலிகாப்டர்தான். என் ஓட்டு இருக்கிற சோழிங்கநல்லூர் ஒன்றிலேயே அப்போது 6 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். தேர்தல் என்றாலே தொகுதி, தொகுதி என்றாலே எல்லை, பூத் கமிட்டி, பிரியாணி என்று ஊறிப்போன மண்டைக்கு வேறு மாதிரி தோன்றவில்லை. விஷயம் உறைத்தபோது பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. மேப் வரவில்லை. ‘31 தொகுதிகள்’ பத்திரமாக வந்திருந்தது. திருத்தம் போடவில்லை. யாராவது போன் பண்ணினால் சொல்வதற்கு மூன்று சமாதானம் தயாராக வைத்திருந்தேன். ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை. மூன்றும் வீண்.

பெயர்கள் தனி அவஸ்தை. அவர்களுடைய மன்றத்தின் பெயரை ஒரே செய்தியில் மூன்று விதமாக எழுதியிருந்தேன். ‘இனட்சிசார்துட்’ என்பது ஓரளவு கிட்டே வரும். சட்டம் செய்பவர்கள் என்று பொருள். ‘நலெராக்’ என்ற கட்சியின் கடைசி எழுத்து தொண்டைக்கு அடியில் எங்கோ பிறக்கிற ஓசை. நம் ழகரத்தை வெளியூர்க்காரர்கள் கொல்வதைப் பற்றி ஆண்டுக்கு ஒரு முறை பொங்கி எழுதுகிறவன் நான். அவர்களுடைய எழுத்தைக் கொன்றபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது பந்தயம். 1979-லிருந்து முப்பது வருஷம் ஆண்டது சியுமுட் கட்சி. 2009-ல் இனுயிட் அட்டகாட்டிகிட் பிடித்தது, 2013-ல் சியுமுட் திரும்பி வந்தது, 2021-ல் மறுபடி அவர்கள். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது. நான்தான் இந்த சினிமாவை 1967-லிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிற மாநிலத்துக்காரன் ஆயிற்றே!

"மாறி மாறி ரெண்டு பேர்தான்ப்பா. மூணாவது ஆளுக்கு அங்கயும் எடம் இல்ல."

"டெமோக்ராட்டிட்னு ஒண்ணு இருக்கே சார்?"

"மூணு சீட்டு வச்சிருக்கான். அதைக் காப்பாத்தினாலே பெரிசு."

ஒரு மாச டீ பந்தயம். கட்டச் சொன்னது நான்.

வாக்குப்பதிவு அங்கே இரவு 8 மணிக்கு முடியும். அது நமக்கு எத்தனை மணி? டெஸ்க் சுவரில் ஒட்டியிருக்கிற பழைய உலக நேர அட்டவணையைப் பார்த்து, விடியற்காலை 4.30 என்று கணக்குப் போட்டு அலாரம் வைத்தேன். கிரீன்லாந்துக்காரர்கள் 2023-லேயே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்துவிட்டார்கள் என்பது அட்டவணைக்குத் தெரியாது. உண்மையில் 3.30. கூட்டம் அதிகமானதால் அரை மணி நேரம் நீட்டித்தார்களாம். அந்தப் புண்ணியத்தில் என் பிழை ஒரு மணியிலிருந்து அரை மணியாகக் குறைந்தது. இதில் இன்னொரு கூத்து: எங்கள் சிட்டி எடிஷன் அதற்குள் அச்சாகி வண்டியேறியிருந்தது. செய்தி எப்படியும் மறுநாள்தான். எதற்காக எழுந்தாய் என்று மனைவி கேட்டாள். "வேலை" என்றேன். பால் வாங்கிவரச் சொன்னாள்.

அந்தக் கூட்டம் மட்டும் மனசை உறுத்தியது. மார்ச் மாதத்து நூக்கில் பனியில் வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பதிவு. 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது இங்கே 43 சதவீதத்துச் சொச்சம்தான். வராத மீதிப் பேரில் நானும் உண்டு. சாவடி தெருமுனைப் பள்ளிக்கூடத்தில். வெயில் தாழட்டும் என்று படுத்தேன், தாழ்ந்தபோது பூட்டிவிட்டார்கள். மறுநாள் ‘ஓட்டுப் போடாத நடுத்தர வர்க்கம்’ என்று காரசாரமாக ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல வரவேற்பு.

முடிவு வந்தது. டெமோக்ராட்டிட் மூன்றிலிருந்து 10. நலெராக் நான்கிலிருந்து 8. இனுயிட் அட்டகாட்டிகிட் பன்னிரண்டிலிருந்து 7. சியுமுட் பத்திலிருந்து 4. ‘ரெண்டு பேர்தான்’ என்று நான் சத்தியம் செய்த இருவரும் மூன்றாவது, நான்காவது இடங்களில் இருந்தார்கள்.

‘டிரம்ப்பா, டென்மார்க்கா?’ என்ற தலைப்பில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த அலசலைத் திறந்து பார்த்தேன். அமெரிக்காவோடு சேர விருப்பமா என்று ஜனவரியில் எடுத்த கருத்துக்கணிப்பிலேயே 85 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கு அங்கே முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தனி நாடு வேண்டும் என்பதிலும் மன்றத்தில் இருந்த கட்சிகளில் அட்டாசுட்டைத் தவிர எல்லோரும் ஒரே பக்கம். சண்டை எத்தனை வேகம் என்பதில். நலெராக் சீக்கிரம் என்றது. டெமோக்ராட்டிட், முதலில் பிழைப்பைப் பார்ப்போம், பிறகு நிதானமாகப் பிரியலாம் என்றது. டென்மார்க் ஆண்டுதோறும் தருகிற பணம்தான் அரசாங்கச் செலவில் ஏறக்குறையப் பாதி. ஏற்றுமதி என்றால் பெரும்பாலும் மீன். புது மீன்பிடிச் சட்டத்தின் மேல் மீனவர்களுக்கு ஆத்திரம்; பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விலைவாசி என்று வீட்டுக்கவலைகள் வேறு. நம் உள்ளாட்சித் தேர்தல் மாதிரிதான். என் கட்டுரையில் ‘டிரம்ப்’ என்ற சொல் எத்தனை முறை என்று தேடிப் பார்த்தேன். பதினொன்று. ‘மீன்’ என்று தேடினேன். பூஜ்யம். ஞாயிறுதோறும் காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிற ஆள் எழுதியது.

அவசரமாகப் புதிதாக எழுதினேன். ஜெயித்த கட்சியின் தலைவர் யென்ஸ் ஃபிரடெரிக் நீல்சன், வயது 33, முன்பு அந்நாட்டு பேட்மின்டன் சாம்பியன். நல்ல பிடி கிடைத்தது என்று அதையே முதல் வரியாக்கி, ஃபைலுக்கும் ‘பேட்மின்டன்’ என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அந்த வாரம் பார்த்துத்தானா பர்மிங்காமில் ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் நடக்க வேண்டும்? காலையில் பேப்பரைப் பிரித்தால் உலகச் செய்திப் பக்கத்தில் கிரீன்லாந்து இல்லை. ஸ்போர்ட்ஸ் பக்கத்தில், முதல் சுற்று முடிவுகளுக்குப் பக்கத்தில், நூக் தேர்தல் முடிவு சிங்கிள் காலத்தில் நின்றிருந்தது. இந்த முறை போன் வந்தது. அம்பத்தூரிலிருந்து ஒரு பெரியவர். "சார், அந்த நீல்சன் அடுத்த ரவுண்டுல யாரோட ஆடறாரு?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பத்தும் எட்டும் பதினெட்டு. 31-ல அது போதும். முதல் ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க, எழுதி வச்சுக்கோ" என்று தம்பியிடம் இன்னொரு மாச டீயைப் பணயம் வைத்தேன். மார்ச் 28 அன்று நலெராக்கை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்ற நான்கு கட்சிகளும் 23 இடங்களோடு கூட்டணி அமைத்தன. அதே நாளில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ், தீவின் வடமேற்கில் இருக்கிற பிட்டுஃபிக் ராணுவத் தளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். வெளியாள் வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் சண்டை போடமாட்டார்கள் என்பது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே கடைசி வரை டீ என் செலவு. தம்பி கூடவே ஒரு கீரை வடையும் சேர்த்துக்கொண்டான். அது பந்தயத்தில் இல்லை என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. கடன் அடைந்த அன்று, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"அப்போ 2026-ல நம்ம ஊர்ல என்ன சார் ஆகும்?"

டீக்கடைக்காரரிடம் ஒரு ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "மாறி மாறி ரெண்டு பேர்தான்ப்பா..." என்று ஆரம்பித்தேன்.