கார் போர்ச்சில் விறகடுப்பு: புகையும் மாமாக்களும் குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வுக்குரிய அடுப்பு ஆண்டுக்கு ஒரு காலை மட்டுமே உயிரோடிருப்பது. பெட்டாலிங் ஜெயா முதல் கிள்ளான் வரை தாமான் வீடுகளில், தை முதல் நாள் காரை வெளியே நிறுத்திவிட்டு, போர்ச்சில் மூன்று செங்கல்லில் எழுப்பப்படும். நல்ல நேரம் முடிவதற்குள் எரிந்தாக வேண்டும், எரியாது. ஏன் என்பதற்குக் கூடிநிற்போரிடம் பல கொள்கைகள் உண்டு.

முதலாவது, செங்கல் கொள்கை. 1881 தீவிபத்துக்குப் பின் கோலாலம்பூர் செங்கல்லால் மறுபடி எழுந்தபோது கல் சுட்டுக் கொடுத்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். இன்று அங்கே பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, பிளாஸ்டிக் மாவிலை எல்லாம் கிடைக்கும். மூன்று செங்கல் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். எனவே கல், வீட்டைப் பெரிதாக்கும் அண்டை வீட்டாரிடமிருந்து வருகிறது. மழையில் நனைந்த கல். அதுதான் காரணம் என்கிறார் பெரிய மாமா. நெருப்பே பிடிக்காத நிலையில் கல்லைக் குற்றம் சொல்வது ஆய்வு நெறியாகாது.

சின்ன மாமா காற்றுக் கொள்கையர். மேசை விசிறியைக் கொண்டுவந்து வைப்பார். சாம்பல் பாலில் இறங்கும். அடுப்பு வாயில் இடமின்றி விறகைத் திணித்தவரும் அவரே என்பதை எவரும் பதிவு செய்வதில்லை. காற்று நுழைய வழியில்லாத அடுப்புக்கு எத்தனை விசிறி வைத்தென்ன? புகை எப்போதும் வீடியோ எடுக்கும் அத்தையையே துரத்துவதற்கும் காரணம் உண்டு. காற்றை மறைத்து நிற்பவரின் முன்புறம் காற்று சுழலும். புகை அங்கே இழுபடும். கண்ணேறு அல்ல.

இனி விறகு. தோட்டத்து லயங்களில் இதற்குப் பஞ்சமிருந்ததில்லை. 25, 30 ஆண்டில் பால் குறைந்து வெட்டப்படும் ரப்பர் மரம் அடுப்புக்கும், ரப்பர்த் தகடுகளைப் புகை போடும் கூடத்துக்கும் போனது. 1980களிலிருந்து அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. அடுப்பில் வைத்ததன் மேல் இன்று உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அடுப்புக்கோ, வடகிழக்குப் பருவமழை ஓயாத ஜனவரியில் முந்தைய நாள் மாலை வாங்கிய கட்டு. பச்சை விறகின் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேலேயே தண்ணீர் இருக்கும். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆவதைப் போல் ஏழு மடங்குக்கும் மேலான வெப்பம் அதை ஆவியாக்கப் போய்விடும். அதாவது, பானையிலுள்ள பாலுக்கு முன்பே கட்டையிலுள்ள தண்ணீர் பொங்கிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய பாட்டி இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். காய்ந்தது 'டங்'கென்னும், இது 'தொப்'பென்றது. "பச்சக் கட்டடா இது" என்றார். ஆனால் பாட்டியைக் கேட்பது மண்ணெண்ணெய் ஊற்றி, மேல்வீட்டார் சுமத்ராவிலிருந்து ஜெரெபுப் புகைமூட்டம் வந்துவிட்டதென்று சன்னலைச் சாத்திய பிறகுதான். பித்தளைப் பானைக்கு வெளிப்புறம் சேற்றுமண் பூசியிருந்தால் கழுவும்போது கரி எளிதில் போயிருக்கும் என்பதையும் அவர் அப்போதுதான் சொன்னார். அதையும் யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, கிழக்கே பொங்கினால் நல்லது எனப்படும் பால் எந்தத் திசையில் பொங்கும் என்ற நுண்ணிய சிக்கல். கார் போர்ச்சின் தரை மழைநீர் ஓட வேண்டி வாசல் சாக்கடைப் பக்கம் சாய்த்தே கட்டப்படுகிறது. கல் சாயும், பானை சாயும், பாலும் அப்பக்கமே வழியும். ஆகவே ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பலனை நிர்ணயிப்பவர் வீடு கட்டிய கான்ட்ராக்டர். மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் விறகை டிசம்பரிலேயே வாங்கிக் கூரைக்கடியில் காயப் போட்டு, பொங்கலன்று வாசல் பக்கத்துக் கல்லுக்குக் கீழே ஓர் ஓட்டுத் துண்டைச் செருகிக் கொள்ளவும். கிழக்குப் பார்த்த வீட்டாருக்கு விறகு மட்டும் போதும்.