பரோட்டா மாஸ்டருக்குப் பரிச்சையாமா!

வாடா அப்புனு, திண்ணைல உக்காரு. ட்ரெய்னிங்குக்குப் பேரு குடுக்கச் சொன்னாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சுத்தறயாமா? உன்ற அம்மா சொன்னா. 'ஃபாஸ்டாக்'குன்னாளா, நானும் கீரம்பூர் டோல்கேட்டுல லாரிக் கண்ணாடிக்கு ஒட்டறதாக்கும்னு நெனச்சுப் போட்டேன். பொறவுதான் தெரியுது, இது சமைக்கறவன் நெத்தில ஒட்டறது. டெல்லில இருக்கற உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல ஆரம்பிச்சு வெச்சதாமா. 25 பேரு சமையக்கட்டுல நின்னா, அதுல ஒருத்தனாச்சும் பாடம் படிச்சுப் பேப்பரு வாங்கியிருக்கோணும். அடிப்படைப் பாடம் 4 மணி நேரம். பேப்பரு 2 வருசத்துக்குச் செல்லும்.

நீ எதுக்குப் போறே? பேசாம மொதலாளி மச்சினன அனுப்பச் சொல்லு. அவன்தான் அதுக்குத் தோதான ஆளு. கல்லாவுல உக்காந்திருக்கறவன், வெங்காயத்தக் கூடத் தொட்டதில்ல. கை சுத்தமாத்தான் இருக்கும், கணக்கப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அவன் பேப்பர வாங்கியாந்து, 14 நம்பரு போட்ட லைசென்சுக்குப் பக்கத்துல கண்ணாடி போட்டு மாட்டிப் போட்டான்னா ஆப்பீசருக்கும் சந்தோசம், மொதலாளிக்கும் சந்தோசம். பரோட்டா வீசற கைக்கும் அந்தப் பேப்பருக்கும் என்னடா சம்பந்தம்?

உன்ற கையத்தான் நானே பாத்தனே. அன்னிக்கு உன்ற கடைக்கு வந்தப்போ கல்லுல முட்டை பரோட்டா போட்டயே. படபடன்னு முட்டைய ஒடச்சே, கைய ஒரு துண்டுல தொடச்சே. அதே துண்டுல நெத்தி வேர்வையத் தொடச்சே, அதே துண்டுல ஈயோட்டுனே, பொறவு அதாலயே எனக்கு எலையத் தொடச்சுப் போட்டே. ஒத்தத் துண்டு, நாலு உத்தியோகம்! தாலூக்கா ஆபீசுல கூட ஒரு ஆளுகிட்ட இத்தன வேல வாங்க முடியாது சாமி.

நாமக்கல்லுக்காரனுக்கே முட்டைப் பாடமான்னு சிரிக்கறயா? சிரி, சிரி. ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பறோம், அத ஒடச்ச கையச் சோப்புப் போட்டுக் கழுவோணும்ங்கறத மட்டும் அனுப்பாம விட்டுப் போட்டோம். ஓட்டு மேல சால்மோனெல்லான்னு ஒரு கிருமி இருக்குமாமா, சில சமயம் உள்ளயும் இருக்கும். நல்லா வேக வெச்சாச் செத்துப் போகும், வேகாட்டி நம்மகூடவே ஊட்டுக்கு வந்துரும். பச்ச முட்டைல அடிச்ச மயோனைஸ 2025 ஏப்ரல் 8-லருந்து ஒரு வருசத்துக்கு விக்கக் கூடாதுன்னு தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவு இந்த மாதிரிக் கிருமிகளுக்குப் பயந்துதான். மஞ்சக்கரு கெட்டியாகற வரைக்கும் வேகோணும்னு ட்ரெய்னிங்குல சொல்லுவாங்க. கேட்டுக்க. ஆனா 'அப்ப கலக்கிங்?'னு மட்டும் கை தூக்கிக் கேட்டுராத. கெட்டியான கலக்கிக்குப் பேரு ஆம்லெட்டு. எனக்கு இருக்கறது ஏழெட்டுப் பல்லு, அந்தக் கலக்கிய நம்பித்தான் உன்ற கடைக்கே வாரேன்.

வெளையாட்டெல்லாம் இருக்கட்டும். நம்ம நாமக்கல்லுலயே 2023 செப்டம்பர்ல சவர்மா தின்னு ஒரு பதினாலு வயசுப் புள்ள போயிருச்சு. நாப்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரில படுத்தாங்க. அத வெச்சு நையாண்டி பண்ண எனக்கு வாயி வரல. அந்தக் கறிக் கம்பம் இருக்குதே, வெளிப்பக்கம் செவந்திருக்கும், உள்ள பச்சையாவே இருக்கும். அவசரத்துல ஆழமாச் சீவுனாப் பச்சைக்கறிதான் வரும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல எது கெடந்தாலும் கிருமி குடும்பம் பெருக்கிப் போடுமாமா. ஒண்ணு கொதிக்கக் கொதிக்க வெய்யி, இல்லாட்டி சில்லுன்னு வெய்யி. மத்தியானச் சால்னாவ அந்தி வரைக்கும் வெதுவெதுப்பா வெச்சிருக்கறது உன்ற மொதலாளிக்குக் கேஸு மிச்சம், கிருமிக்கு மாமியாரூட்டு விருந்து.

அப்பறம் டாக்டரு சீட்டு. வருசத்துக்கு ஒருக்கா ஒடம்பக் காட்டோணும், டைபாய்டு ஊசி போட்டிருக்கோணும். டாக்டரு மொகத்தப் பாக்காமயே சீட்டு வாங்கற சூட்சுமம் உன்ற மொதலாளிக்குத் தெரியும், கேட்டா உனக்கும் சொல்லித் தருவாரு. டைபாய்டு வந்தா அந்தச் சீட்டுக்கா காச்சல் அடிக்கும்? ஊசிக்குப் பயப்படறவன் கொதிக்கற எண்ணைக்கு முன்னால நிக்கறானாமா! அந்த எண்ணையும் ஒரு பாடம். காச்சுன எண்ணையவே திருப்பித் திருப்பிக் காச்சுனா அதுல 'போலார்' சரக்கு ஏறிக்கிட்டே போகும், 25 சதத்தத் தாண்டுனா சமையலுக்கு ஆகாதுன்னு 2018 ஜூலைலருந்து சட்டம். அத வாங்கிட்டுப் போயி பயோடீசல் பண்றாங்களாமா. பழைய எண்ணைய லாரி குடிக்கட்டும், லாரி டிரைவருக்குப் புது எண்ணைல போடு.

கோயில் மடப்பள்ளிக்கே 'போக்'குனு ஒரு சர்டிபிகேட்டு வந்திருக்குதாமா. சாமி பிரசாதத்தயே பரிசோதிக்கறாங்க, நீ என்ன பெரிய கொம்பனா?

அதனால நீயே போயிட்டு வா. நகத்த வெட்டிட்டுப் போ. வெக்கப்படாம முன்வரிசைல உக்காரு. பேப்பரு உன்ற பேர்ல வந்தா, நேத்து மிஞ்சுன குருமாவ எடுத்து மொதலாளி உன்ற முன்னால வெக்கறப்போ, 'ஏனுங், இது ஆகாதுன்னு பாடத்துல சொல்லியிருக்காங்ளே'ன்னு பணிவாச் சொல்லலாம். ரெண்டு கையயும் கட்டிக்கிட்டுச் சொல்லு, அப்பத்தான் கோவம் வராது. ரெண்டு வாரம் கழிச்சு, அதே பணிவோட, சம்பளத்துல ஆயரம் ஏத்திக் கேளு. மாட்டேன்னாருன்னா, மச்சினன் கைல மாவக் குடுத்துட்டு வா. அவன் வீசட்டும், நான் வந்து திங்கறேன்.