தண்டவாளம் பார்க்காத ஸ்டேஷன்

உலகத்திலேயே தண்டவாளம் இல்லாத ஒரே ரயில்வே ஸ்டேஷன் எங்களிடம்தான் இருக்கிறது என்று பினாங்குத் தீவுக்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை ஒட்டி மணிக்கூண்டோடு நிற்கிறதே விஸ்மா கஸ்தாம், அதுதான். வெள்ளைக்காரன் 1907 வாக்கில் மலாய் மாநில ரயில்வேக்காகக் கட்டியது. கொடிமலை ஏறும் ரயிலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தீவில் ரயிலே கிடையாது. ஆனாலும் இங்கே டிக்கெட் விற்றார்கள். டிக்கெட்டை வாங்கி, ஃபெரி ஏறி, பிறையில் கரை இறங்கினால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம் என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார்.

ரயில் வராத அந்தக் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே சுங்கத் துறை. அன்று ஆட்களை வழியனுப்பிய இடத்தில் இன்று சரக்குக்கு வரி.

கடலுக்கு இந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் இருந்த எங்களுக்கு ரயில் நிஜமாகவே ஓடியது. அதனால் பெருமைப்பட ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பெரியப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. "தொப்பி யாழ்ப்பாணத்தாருக்கு, சம்மட்டி நமக்கு" என்பார். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலில் கட்டை மாற்றுகிறவர் நம்ம ஆள். இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள், ஆனால் ஒருவரோடொருவர் பேசியதைப் பார்த்ததாக ஞாபகமில்லை.

கோலாலம்பூர் போவதென்றால் பட்டர்வொர்த்தில் ராத்திரி ரயில். பிறை ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டு 1967இல் ரயிலைப் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவந்த பிறகு கட்டிய ஸ்டேஷன் அது. அம்மா புளிச்சாதமும் நெத்திலி சம்பலும் கட்டுவார். செய்தித்தாளில் சுற்றிய இலைப் பொட்டலம், மேலே ரப்பர் வளையம், வளையத்தில் செருகிய ஒரு பச்சை மிளகாய். ரயில் கிளம்புவதற்கு ரொம்ப நேரம் முன்பே பிளாட்பாரத்தில் பாய் விரித்தாகிவிடும். விடிந்தால்தான் கோலாலம்பூர்.

இன்று அந்த ஸ்டேஷன் இல்லை. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைப் பாதை 2014இல் முடிந்தது. மறு வருஷமே கோமுட்டர் ரயிலும் வந்தது. புக்கிட் தெங்காவில் இறங்கினால் மின்தூக்கி, நடைபாலம், சுத்தமான பிளாட்பாரம். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம்தான். பொட்டலத்தை அவிழ்க்க யோசிப்பதற்குள் ஈப்போ வந்துவிடுகிறது. குறை சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் முழங்கால் வலி இருக்கிறது.

சிங்கப்பூர்க்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். புக்கிட் தீமா ஸ்டேஷன் 1932இல் வந்தது. 2011 ஜூன் 30இல் கடைசி ரயில். அந்தக் கடைசி நாள் வரை அங்கே டோக்கன் முறை இருந்தது: ஒற்றைப் பாதையில் நுழைய வேண்டுமானால் டோக்கன் வைத்த பையோடு கூடிய ஒரு வளையம் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். கீழே ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடிப்பார், ஓடுகிற ரயிலிலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொள்ளும். ரயில் நின்றபின் தண்டவாளத்தில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தார்கள், சின்னஞ்சிறு ஸ்டேஷனை மட்டும் பழுது பார்த்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஊழியர் குடியிருப்பு காப்பிக் கடையானது. ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். சம்மட்டி பிடித்தவர் வீட்டு வாசலில் இவ்வளவு கூட்டம் அன்றைக்குக் கூடியிருக்காது.

ஆக, தீவில் ரயிலே இல்லாத ஸ்டேஷன். சிங்கப்பூரில் ரயில் போன ஸ்டேஷன். எங்களிடம் ஸ்டேஷன் போன ரயில். மூன்றில் எங்களுடையதுதான் உபயோகமானது, மூன்றில் எங்களுடையதைத்தான் யாரும் படம் எடுப்பதில்லை.

விஸ்மா கஸ்தாமில் உள்ள சுங்கத் துறையிடம் கட்டடத்தைக் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் போதும். டிக்கெட், தொப்பி, சம்மட்டி எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம். உங்கள் வீட்டில் ரயில்வே சட்டையோ சம்பளச் சீட்டோ பழைய போட்டோவோ இருந்தால் தீபாவளிக்கு வீடு கழுவும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.