25,000 ரூபாய்ச் சட்டம்

சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டான் என்று ஸ்டேஷனுக்குப் போனால், ரைட்டர் தலையைத் தூக்காமலே சொல்வார்: "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." வரப்புத் தகராறு என்று போங்கள். எதிராளிக்குக் கொஞ்சம் செல்வாக்கு இருந்தால் அதுவே கிரிமினல் மேட்டராகி, உங்களையே உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள்.

சட்டப் புத்தகத்தில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. சிவில் என்பது இரண்டு தரப்புக்குள் நடக்கிற வழக்கு. நஷ்டஈடு வாங்கலாம், சமாதானமாகப் போகலாம். கிரிமினல் அப்படியல்ல. அது சமூகத்துக்கே எதிரான குற்றம் என்பதால் அரசே வழக்கு நடத்தும். பிணத்துக்கு விலை பேசி வழக்கை முடிக்க முடியாது.

முடியாது என்று யார் சொன்னது? போபாலில் முடித்தார்களே.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் புகுந்தது. நஷ்டஈட்டுக் கணக்கில் அரசே ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 5,000-க்கு மேல். ஒப்புக்கொள்ளாத சாவுகள் தனி.

7-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் வந்து இறங்கினார். கைது செய்தார்கள், லாக்கப்பில் அல்ல, கம்பெனியின் சொந்த கெஸ்ட் ஹவுஸில் வைத்தார்கள். சில மணி நேரத்தில் 25,000 ரூபாய் ஜாமீன். மாநில அரசின் விமானத்திலேயே டெல்லிக்கு வழியனுப்பு. பிறகு 1992-ல் போபால் நீதிமன்றம் அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது. அரசாங்கமே பயணச் செலவு போட்டு அனுப்பிவைத்த தலைமறைவு! 2014-ல், 92 வயதில், ஃப்ளோரிடாவில் நிம்மதியாகச் செத்துப்போனார்.

இதற்கிடையே, 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் இனி நானே பிரதிநிதி, நானே வழக்காடுவேன் என்றது. நுரையீரல் வெந்துபோன ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் வைத்து ஒத்துக்கொண்டது 47 கோடி. ஏழில் ஒரு பங்கு. கத்தரிக்காயை அந்த விலைக்குக் கேட்டால் மார்க்கெட் அம்மா துரத்தியடித்திருப்பார். நம் அரசோ தலையாட்டியதோடு, கறிவேப்பிலையைக் கொசுறாகக் கிள்ளிப் போடுவதுபோல, கம்பெனி மீதிருந்த கிரிமினல் வழக்குகள் ரத்தாவதையும் சேர்த்துக் கொடுத்தது. சிவிலில் பணம் கட்டினால் கிரிமினல் இலவசம்!

ஊர் கொந்தளித்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொசுறை மட்டும் திரும்பப் பிடுங்கியது. 47 கோடி அப்படியே நின்றது. சரி, கிரிமினல் வழக்காவது ஒழுங்காக நடக்கும் என்று நம்பியவர்களுக்கு 1996-ல் பதில் கிடைத்தது. கம்பெனியின் இந்திய அதிகாரிகள் மீது சி.பி.ஐ. போட்டிருந்தது பத்து வருடம் வரை தண்டனை தரக்கூடிய பிரிவு. உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ ஆக்கியது. அஜாக்கிரதையாக மரணம் விளைவித்தல். அதிகபட்சம் இரண்டு வருடம். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் மேல் லாரியை ஏற்றிவிட்ட டிரைவர் மேல் அப்போது போட்டுவந்த அதே பிரிவு. ஒருவர் செத்தாலும் இரண்டு வருடம், ஊரே செத்தாலும் இரண்டு வருடம். சமத்துவத்தை இந்த ஒரு இடத்தில் கச்சிதமாகக் கடைப்பிடித்திருக்கிறோம்.

அந்த இரண்டு வருடத்தை விதிக்க 2010 ஜூன் 7 வரை ஆனது. ஏழு பேருக்குச் சிறை, தலைக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் அபராதம். ஆனால் ஒருவரும் அன்றிரவு சிறைச் சோறு சாப்பிடவில்லை. கையோடு ஜாமீன். தொகை? தலைக்கு 25,000 ரூபாய்.

இந்தத் தொகையை போபால்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, வருடக்கணக்கில் வரிசையில் நின்றபின், முதலில் நஷ்டஈடாகக் கிடைத்ததும் அதே 25,000 தான். ஆண்டர்சன் விமானம் ஏறிப் போகவும் 25,000, தண்டனை பெற்றவர் வீட்டுக்குப் போகவும் 25,000, காயம்பட்ட கண்ணுக்கும் 25,000. ஜாமீன் கிரிமினல், நஷ்டஈடு சிவில் என்று பரீட்சையில் எழுதினால் மார்க் போடுவார்கள். தொகையைப் பார்த்து எது எது என்று எந்த வக்கீலாவது சொல்லட்டும்.

கூடுதலாக 7,844 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போகிற போக்கில் அரசுக்கும் ஒரு குட்டு: பாதிக்கப்பட்டவர்களுக்காக இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி 1991-லேயே உத்தரவிட்டும் எடுக்காமல் விட்டது மிகக் கடுமையான அலட்சியமாம். அலட்சியத்தால் ஆள் செத்தால் போடுவதற்கென்றுதான் 304-ஏ இருந்தது. அதை அரசின் மேல் போட எந்த ஸ்டேஷனிலும் ரைட்டர் கிடைக்கவில்லை.